கைக்கு யார் உத்தரவு?

ஒருவன் தன் கைகளைக்கொண்டு நேர்மையான ஒரு தொழிலைச் செய்து பிழைப்பதற்கு மற்றொருவரிடத்தில் உத்தரவு பெற வேண்டுமா? வேண்டுமாயின், உத்தரவு கொடுப்போர் அவனிடத்தில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது? இஃது ஏட்டுக் கல்வியாளர் பொழுதுபோக்காகச் செய்யும் வாதமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில், டெக்ஸாஸ் மாகாணத்தில், புருவம் திருத்தும் ஒரு துண்டு நூலைப்பற்றி எழுந்து, அம்மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் வரையில் சென்ற வழக்கே இக்கேள்வியை என் மனத்தில் மூட்டிவிட்டது.

அந்த நூல் நம்மவர்க்குப் புதியதன்று. பருத்தி நூலை இரட்டையாக முறுக்கி, ஒரு முனையைப் பல்லிற் கடித்துக்கொண்டு, முறுக்கு ஓடும் வேகத்தில் வேண்டாத மயிரை வேரோடு எடுக்கும் வித்தையைப் பிரிக்பீல்ட்ஸிலும் தேக்காவிலும் எவரும் காணலாம். கத்தியில்லை, மெழுகில்லை, மருந்தில்லை. தாயிடம் மகளும் அக்காளிடம் தங்கையும் கற்றுக்கொள்வது. இவ்வித்தையைக் கடல் கடந்து கொண்டுசென்ற இந்தியர் சிலர் டெக்ஸாஸில் கடை வைத்தனர். அம்மாகாணத்து லைசென்சு இலாகாவோ, நூலால் மயிர் எடுப்பதும் ஒப்பனைத் தொழிலேயாகும், ஆகவே 750 மணி நேரம் பள்ளியிற் பயின்று, தேர்வெழுதி, லைசென்சு பெற்றவரே அதைச் செய்யலாம் என்று கூறி அபராதம் விதித்தது. வேடிக்கை யாதெனில், அங்குள்ள ஒப்பனைப் பள்ளிகளிற் பெரும்பாலானவை நூல் வித்தையைக் கற்பிப்பதே இல்லை! தாம் அறிந்த தொழிலைச் செய்வதற்காக, அறிய வேண்டாத தொழில்களைப் பணங்கொடுத்துக் கற்கவேண்டிய நிலை அவர்களுக்கு ஏற்பட்டது. 2009ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தார்கள். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நீதிபதிகள் ஒன்பதின்மரில் அறுவர் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். 750 மணி நேரத்தில் 320 மணி வரையில் இத்தொழிலுக்குச் சம்பந்தமில்லாதது என்றும், அவ்வளவு பாரத்தை ஒருவன் பிழைப்பின்மேல் ஏற்றுவது மாகாண அரசியற் சட்டத்திற்கு ஒவ்வாது என்றும் கண்டார்கள்.

இந்த லைசென்சு முறை எங்ஙனம் தோன்றியது என்பதை அறிந்தாலன்றி இதன் நியாய அநியாயம் விளங்காது. முடிதிருத்துவோர் லைசென்சு பெறவேண்டும் என்று அந்நாட்டில் முதன்முதற் சட்டம் செய்த மாகாணம் மின்னசோட்டா, ஆண்டு 1897. அழுக்குக் கத்தியாலும் ஒரே துவாலையாலும் தோல் நோய் பரவுகிறது என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். காரணம் பொய்யன்று. பிற மாகாணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்பற்றின. பிறகு பெண்களின் கூந்தல் அலங்காரம், முகப்பூச்சு, நகம் திருத்தல் ஆகியவற்றுக்கும் சட்டம் நீண்டது. 1950ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லைசென்சு வேண்டிய தொழில்களில் இருந்தவர் அந்நாட்டு உழைப்பாளரில் நூற்றுக்கு ஐவருக்கும் குறைவு. 2015இல் ஜனாதிபதி மாளிகை வெளியிட்ட அறிக்கையின்படி நால்வரில் ஒருவருக்கு மேலாகிவிட்டது. கூந்தல் தொழிலுக்கு நியூயார்க்கில் 1000 மணி. அயோவாவில் 2023 வரையில் 2100 மணி. நாளொன்றுக்கு எட்டு மணி வீதம் கணக்கிட்டால் 260 நாட்களுக்கு மேல். விபத்தில் அடிபட்டவனை ஆம்புலன்ஸில் தாங்கிச் செல்லும் அடிப்படை உதவியாளருக்கோ அந்நாட்டில் 150 மணியளவுப் பயிற்சி போதுமாம். நியூயார்க்குத் தலைக்கும் அயோவாத் தலைக்கும் அப்படி என்ன வேற்றுமையோ, நானறியேன்.

நான் முதலில் இம்முறையைப் புகழ்ந்தவன் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. நம் சமூகத்தில் இத்தொழிலுக்கு ஏற்பட்டிருந்த கதி நமக்குத் தெரியும். பிறவியிலேயே ஒருவன் கையிற் கத்தியைக் கொடுத்து, அவன் மகன் கையிலும் அதையே திணித்து, தலையைக் கொடுக்கும்போது மட்டும் அவனைத் தொடவிட்டு, மற்ற வேளைகளில் எட்டி நிறுத்திய கொடுமையை இப்பத்திரிகையைப் படிப்போர்க்கு விரித்துரைப்பானேன்? அங்ஙனமிருக்க, நீ யார் மகன் என்று கேளாமல், நீ என்ன கற்றாய் என்று மட்டும் கேட்கும் சட்டம் ஒன்று உலகில் உண்டென்றால், அதைச் சீர்திருத்தக்காரன் கைகூப்பி வரவேற்கமாட்டானா? சுவரில் மாட்டிய லைசென்சில் ஜாதிப் பெயர் இல்லை. கற்ற பெயர் இருக்கிறது. தொழிலுக்கு மதிப்பு வந்துவிட்டதென்று மகிழ்ந்தேன்.

பிறகு கிளீவ்லண்ட் நகரத்து ஜார்ஜ் மையர்ஸ் என்பவரைப்பற்றிப் படிக்க நேர்ந்தது. கருப்பு இனத்தவர், 1859இல் பிறந்து 1930இல் மறைந்தவர். அந்நகரின் பெரிய ஹோட்டல் ஒன்றில் முடிதிருத்தும் நிலையம் நடத்தி, நாட்டின் பெருந்தலைவர்களுக்கெல்லாம் நண்பராயிருந்தவர். சென்ற நூற்றாண்டிற்கு முந்திய நூற்றாண்டில் அந்நாட்டின் சிறந்த முடிதிருத்தும் நிலையங்கள் பலவும் கருப்பு இனத்தவர் கையில் இருந்தன. 1902இல் ஓஹையோ மாகாணச் சட்டசபையில், முடிதிருத்துவோர் சங்கத்தின் ஆதரவோடு, லைசென்சு மசோதா ஒன்று வந்தபொழுது அதை முன்னின்று எதிர்த்தவர் இந்த மையர்ஸ். சுத்தத்தை வெறுத்தா எதிர்த்தார்? இல்லை. தேர்வு நடத்தும் நாற்காலியில் யார் உட்காரப்போகிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். வெள்ளையர் சங்கத்தார் கேள்வி கேட்பார்கள், கருப்பன் தோற்பான். சட்டத்தில் நிறம் என்ற சொல்லே இராது. இதைப் படித்த அன்று என் மகிழ்ச்சியிற் பாதி போயிற்று. பிறவியைக் கேளாத சட்டமும் பிறவியின் வேலையைச் செய்யக்கூடும் என்பது எனக்கு அதுவரையில் தோன்றவில்லை.

எஞ்சிய பாதியும் யூட்டா மாகாணத்துச் செய்தியால் தேய்ந்தது. ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து அகதியாக வந்த ஜெஸ்டினா கிளேட்டன் என்னும் பெண்மணி, சிறுமியாயிருந்தபொழுதே தம் ஊர்ப் பெண்களிடம் சடை பின்னக் கற்றவர். பின்னுவதற்கு விரல்களும் சீப்புமே வேண்டும். அதற்கு 2000 மணி நேரப் பள்ளிப்படிப்பு வேண்டுமென்றது மாகாணம். அப்பள்ளிகளில் ஆப்பிரிக்கச் சடையைப்பற்றிய பாடம் இருந்ததோ என்றால், பெயருக்கும் இல்லை. 2012இல் கூட்டரசு நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்புக் கூறியது. கலிபோர்னியாவில் அதற்கும் முன்னரே, 1999இல், இத்தகைய தீர்ப்பு ஒன்று உண்டு. வெற்றிதான்; ஆனால் வழக்காடத் துணையும் துணிவும் கிடைக்காமல் விரல்களை மடக்கிக்கொண்டிருந்த பெண்கள் எத்தனை பேரோ!

எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரி உதவியாளர் ஒருவர் என் நண்பர். இவ்வாறு நான் பேசும்பொழுதெல்லாம் அவர் குறுக்கிடுவார். "கிராணியாரே, நீர் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கிறவர், நான் புண்ணைப் பார்க்கிறவன். வாட்ஸன்வில்லை மறந்துவிடாதேயும்" என்பார். அவர் சொல்வது உண்மை நிகழ்ச்சி. 2000ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் வாட்ஸன்வில் ஊரில், நகமும் பாதமும் திருத்தும் கடை ஒன்றுக்குச் சென்ற பெண்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே ஆறாத கட்டிகள் எழும்பின. காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமி. பாதம் ஊறவைக்கும் சுழல்நீர்த் தொட்டிகளில், நீர் திரும்பும் சல்லடைக்குப் பின்னால் மயிரும் தோல் அழுக்கும் சேர்ந்து, அங்கே அக்கிருமி குடியிருந்தது. அப்பெண்களுக்கு மாதக்கணக்கில் வேதனை, தழும்பு நிலைத்துவிட்டது. ஆகவே ஒப்பனைத் தொழில் தீங்கற்றது என்று முழங்குவது அறியாமை. கூந்தலை நேராக்கும் மருந்துகள் சிலவற்றில் பிணத்தைப் பதப்படுத்தும் பார்மால்டிஹைடு இருப்பதை 2010இல் ஆரிகன் மாகாணத்து அதிகாரிகள் கண்டறிந்ததையும் நண்பர் எடுத்துக் காட்டுவார். நான் மறுப்பதில்லை. வாடிக்கைக்காரர் கண்ணுக்குப் புலப்படாத ஆபத்திலிருந்து அவரைக் காப்பது அரசாங்கத்தின் கடமை, அதில் ஐயமில்லை.

ஆயினும் ஒன்று கேட்பேன். அவ்வாண்டில் கலிபோர்னியாவில் லைசென்சுச் சட்டம் இல்லையா? இருந்தது. நகம் திருத்துவோர்க்கும் இருந்தது. நூற்றுக்கணக்கான மணி நேரப் பயிற்சிச் சட்டம் அந்தச் சல்லடையைக் கழற்றிப் பார்க்கவில்லை. அதன் பின்னர்த்தான் தொட்டியை எப்பொழுது, எப்படிக் கழுவவேண்டும் என்று விதி செய்தார்கள். தொழிலாளியின் ஆண்டுகளை எண்ணுவதைவிடக் கடையின் தொட்டியைத் திறந்து பார்ப்பது அப்பெண்களைக் காத்திருக்கும் அன்றோ? அலபாமாவில் 1983 முதல் 2013 வரையில் மாகாணம் முழுதுக்கும் பொதுவான முடிதிருத்துவோர் லைசென்சே இருந்ததில்லை. முப்பது ஆண்டுகள் அவ்வூரார் தலைமயிர் வெட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தெரியுமா என்று கேட்கட்டும். கிருமியைப்பற்றியும் மருந்தைப்பற்றியும் கடுமையாகவே கேட்கட்டும். எந்தப் பள்ளிக்கு எத்தனை ஆயிரம் வெள்ளி கட்டித் தெரிந்துகொண்டாய் என்று கேட்பதற்கு என்ன நியாயம்? கலிபோர்னியாவே 2022 முதல் 1600 மணியை 1000 ஆகக் குறைத்துவிட்டது. குறைத்த 600 மணியும் அதுவரையில் யாரைக் காத்தன என்பதை யாரும் சொல்லக் காணோம்.

பென்சில்வேனியாவில் நடந்தது இதனினும் விசித்திரம். அங்கே ஒப்பனைத் தொழிலுக்கு வருவோர் தாம் நல்லொழுக்கம் உடையவர் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. முன்பு குற்றஞ்செய்து தண்டனை அனுபவித்துத் திருந்தி, தொழிற்பள்ளியில் முறையாகப் பயின்று தேறிய பெண்கள் இருவருக்கு, பழைய குற்றத்தைக் காட்டி லைசென்சு மறுக்கப்பட்டது. அதே மாகாணத்தில் ஆண்களுக்கு முடிவெட்டும் தொழிலாளிக்கு அந்த நல்லொழுக்க விதி இல்லை! 2020இல் நீதிமன்றம் அதைத் தள்ளிற்று. சிறையிலிருந்து வெளிவந்தவளை நேர்மையாகப் பிழை என்று உபதேசித்துவிட்டு, நேர்மையான பிழைப்பின் வாயிலில் நின்று தடுப்பவர்களின் ஒழுக்கத்தை எந்தத் தேர்வில் அளப்பது?

மொழியைப்பற்றியும் சொல்லவேண்டும். 1975இல் வியட்நாம் போர் முடிந்தபின் அகதிகளாய் வந்த பெண்கள் இருபதின்மருக்குக் கலிபோர்னியாவில் டிப்பி ஹெட்ரன் என்னும் சினிமா நடிகை நகம் திருத்தும் தொழிலைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். இன்று அந்நாட்டில் அத்தொழிலின் பெரும் பகுதி வியட்நாமியர் கையில் இருக்கிறது. பிற்காலத்தில் கலிபோர்னியா தன் தேர்வை வியட்நாமிய மொழியிலும் நடத்தலாயிற்று. இச்செய்தியைப் படித்தபொழுது எனக்கு என் மேசை நினைவுக்கு வந்தது. ஆங்கிலப் பள்ளியிற் படித்த ஒரே காரணத்தால் தோட்ட ஆபீசில் பிறர் பாரங்களை நிரப்பிக் கொடுக்கும் பெருமை எனக்கு வாய்த்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், பேத்தியின் பள்ளி உதவித்தொகைக்காகப் பெரியவர் ஒருவர் கொண்டுவந்த பாரத்தில் ஒரு கட்டம் வெறுமையாயிருந்ததைக் கண்டு, நிரப்பிக்கொண்டு வாரும் என்று திருப்பியனுப்பினேன். "சரிங்க ஐயா" என்று போனார். ஒருநாட் கூலியை இழந்து பட்டணம் போய், அங்கும் ஒருவரும் விளக்காமல், மறுபடி என்னிடமே வந்தார். அப்பொழுதுதான் கூர்ந்து பார்த்தேன். அக்கட்டத்தின்மேல் சிறிய எழுத்தில், மலாய் மொழியில், அலுவலக உபயோகத்திற்கு மட்டும் என்று அச்சிட்டிருந்தது. பெரியவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு இலகுவாயிருந்திருக்கும். வாயிலில் நிற்பவன் தீயவனாயிருக்க வேண்டுவதில்லை. கூர்ந்து படிக்கச் சோம்பினாலே போதும், வெளியே நிற்பவனுக்கு ஒருநாட் சோறு போய்விடும்.

லைசென்சு பெற்றபின்னும் பாடு தீர்வதில்லை, புதுப்பிக்க வேண்டும். கலிபோர்னியாவில் ஈராண்டுக்கொருமுறை 50 அமெரிக்க வெள்ளி. வேறொன்றும் கேட்பதில்லை, சல்லடை கழுவத் தெரியுமா என்றும் கேட்பதில்லை. அதைப் புதுப்பித்தல் என்பதா, சுங்கம் என்பதா? டெக்ஸாஸில் நான்கு மணி நேரப் பாடம் உண்டு. இவற்றினிடையே இல்லினாய் மாகாணத்து விதி ஒன்றுதான் என் மனத்தைத் தொட்டது. 2017 முதல், அங்கே கூந்தல் தொழிலாளர், வீட்டில் அடியும் கொடுமையும் படும் பெண்களின் அடையாளங்களை அறிந்துகொள்ள ஒரு மணி நேரம் பயிலவேண்டும். ஒரு பெண் தன் தலையைக் குனிந்து பிறர் கையில் ஒப்படைக்கும் இடம் அது. கூந்தலுக்குள் இருக்கும் தழும்பைத் தாயும் கண்டிராள், இவள் காண்பாள். போலீசில் சொல்லவேண்டும் என்று சட்டம் இவளை வற்புறுத்தவில்லை. உதவி கிடைக்கும் இடத்தை மெல்லக் காதிற் சொன்னால் போதும்.

இதை நண்பரிடம் காட்டியபொழுது அவரும் முதன்முறையாக எனக்கு இணங்கினார். அந்த ஒரு மணியோடு தொட்டியைக் கழுவும் பாடத்தையும் மருந்துப் பாடத்தையும் சேர்க்கவேண்டும் என்றார். சேர்க்கட்டும் என்றேன். ஒரு வாரம் போதும் என்றேன் நான். இல்லை, ஒரு மாதமாவது வேண்டும் என்றார் அவர். எஞ்சிய மணிகளைப்பற்றி அவருக்கும் வாய் திறக்கவில்லை.