தேய்மானமும் சத்தியமும்

பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே திரிங்காப்பைக் கடந்து கம்போங் ராஜாவை நோக்கிச் செல்லும் மலைச்சாலையில் அமைந்த கோலா தெர்லாவிலும், அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறிப் பண்ணைகளிலும் வாழும் நம்மவர்க்கு ஆயுத பூஜை என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. கத்திக்கும் மண்வெட்டிக்கும் மருந்து தெளிக்கும் பம்புக்கும் பக்கத்தில், பெட்ரோலில் ஓடும் புல்வெட்டு மெஷினையும் துடைத்து வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டுப் பொரிகடலை படைத்து வணங்குகிறோம். அவ்வாறு வணங்கிய கையே, உத்தரவாத காலம் முடியச் சில வாரங்கள் இருக்கையில், ஓயாது உழைத்து ஓய்ந்துபோன அந்த மெஷினைக் கடைக்குத் தூக்கிச் சென்று, “வாங்கினதிலேர்ந்தே சரியில்லை, தவுக்கே” என்று சொல்லிப் புதியது கேட்கலாமா? கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் சத்தியத்தையும், களவாமையாகிய அஸ்தேயத்தையும் பதஞ்சலி முனிவர் யமங்களுள் அடுத்தடுத்து வைத்ததன் பொருத்தம், இத்தகைய சிறிய கேள்விகளிலேதான் நமக்குப் புலனாகிறது.

1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் கொழுந்து பறித்தவை விரல்கள்; இன்றோ, சரிவு இடங்கொடுக்கும் இடங்களிலெல்லாம் கத்திரியும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் மோட்டார் மெஷினும் அவ்வேலையைச் செய்கின்றன. தோட்டத்து மெஷின் தோட்டத்துச் சொத்து; ஆனால் ஓய்வு நாளில் பிறர் நிலத்தில் புல்வெட்டி நாலு காசு சேர்க்க எண்ணும் தொழிலாளி வாங்கும் மெஷின், அவருடைய சேமிப்பிலிருந்து வந்தது. அது பழுதாகும்போது அவருக்கு உண்டாகும் துயரத்தை நான் அற்பமாக எண்ணவில்லை.

எனினும் கருவி எப்படிக் கெடுகிறது என்பதை அறியாமல் இதில் தர்மம் பேச முடியாது. புல்வெட்டு மெஷினில் உள்ள இரண்டு வீச்சு இஞ்சினில் எண்ணெய்க்கென்று தனி இடம் இல்லை. பெட்ரோலோடு கலந்து ஊற்றும் எண்ணெயே பிஸ்டனையும் சிலிண்டரையும் காக்கிறது. தயாரித்தவர் குறித்த அளவுக்குக் குறைவாக அதைக் கலந்து ஓட்டினால் பிஸ்டனின் பக்கங்களில் நெடுக்குக் கீறல்கள் விழும். முறையாக ஓட்டி வேலையால் தேய்ந்த மெஷினிலோ ரிங்குகள் ஒரே சீராக மெலிந்திருக்கும். வார்ப்பிலேயே குறையுள்ள பாகம் இவ்விரண்டையும் போலன்றி, ஓரிடத்தில் விண்டு, உள்ளே மறைந்திருந்த பொள்ளலைக் காட்டும். மின்சாரத் துளைப்பானிலுள்ள கார்பன் பிரஷ்ஷோ, சுழலும் செம்புத் தகடுகளில் உராய்ந்து உராய்ந்து தேய்வதற்கென்றே அமைக்கப்பட்டது. பிரஷ், பிளேடு, ஸ்பார்க் பிளக், நைலான் கயிறு முதலியவற்றை உத்தரவாதச் சீட்டுகள் பொதுவாக விலக்கி வைப்பதற்குக் காரணம் இதுவே. ஆகவே, உத்தரவாதம் என்பது பொருள் தன் கையை விட்டு நீங்கிய கணத்தில் அதனுள் ஒளிந்திருந்த குறைக்குத் தான் பொறுப்பு என்று விற்பவன் கொடுத்த வாக்கேயன்றி, அப்பொருள் தேயாது என்ற வாக்கு அன்று.

இந்த வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க, கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் வணிகருக்கு ஓர் இரவும், உழவருக்கு மூன்று இரவும், ஆநிரை காப்போருக்கு ஐந்து இரவும் தவணை தருகிறது. நாரத ஸ்மிருதியோ இன்னும் நுட்பமாக, ஆடையொன்றை முதன்முறை வெளுத்ததும் அதன் விலையில் எட்டில் ஒரு பங்கும், இரண்டாம் முறை நாலில் ஒரு பங்கும், மூன்றாம் முறை மூன்றில் ஒரு பங்கும், நான்காம் முறை பாதியும் குறைந்துபோகும் என்று கணக்கிடுகிறது. உடுத்து அழுக்கேறிக் கந்தலான ஆடையைத் திருப்பித் தருவதற்கும் அது இடங்கொடுப்பதில்லை. அனுபவித்தவன் அனுபவித்த அளவுக்குப் பொருளின் ஒரு பகுதியை உண்டுவிட்டான் என்பதே அக்கணக்கின் உட்கருத்து என்று நான் கொள்கிறேன். அவ்வாறு உண்டதை உண்ணவில்லையென்று சொல்வது அசத்தியம். அச்சொல்லைக் கொண்டு மீண்டும் முழு விலையைப் பெறுவது களவு. அதற்கும் மேலாக, நமக்காக உழைத்துத் தேய்ந்த கருவியை, பிறவியிலேயே கெட்டது என்று பழிக்கிறோம். பூஜையில் வைத்து வணங்கியதன்மீது இவ்வாறு பொய்ச்சாட்சி சொல்வது எனக்கு எல்லாவற்றிலும் கொடியதாகப் படுகிறது.

“கம்பெனி பணக்காரக் கம்பெனி, அதற்கென்ன நஷ்டம்?” என்று கேட்பார் உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் 1912இல் எல். எல். பீன் என்பவர் தாம் விற்ற முதல் 100 ஜோடிப் பூட்ஸுகளில் 90 ஜோடி தையல் விட்டுத் திரும்பி வந்தபோது, கடன் வாங்கியேனும் அத்தனை பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் தொடங்கிய நிறுவனத்தின் புகழ்பெற்ற வரலாறு. விற்றதைத் திருப்பி ஏற்பதாகக் காலவரையின்றி நின்ற அந்நிறுவனத்தின் வாக்கை, பல்லாண்டு உடுத்துக் கிழித்தவற்றையும் பிறரிடமிருந்து கிடைத்த பழையவற்றையும் கொண்டுவந்து மாற்றிச் சென்றவர்கள் மிகுந்துபோனதால், 2018 பிப்ரவரியில் அந்நிறுவனம் ஓராண்டாகச் சுருக்கிவிட்டது. அவ்வாறு சுருங்கியதன் நஷ்டம் உண்மையான குறையோடு காத்திருக்கும் அடுத்த மனிதனைச் சேர்ந்தது.

இதுவரை வாங்குபவரையே கடிந்தேன். விற்பவரின் பாவம் இதனினும் இலேசானதன்று. உண்மையான வார்ப்புக் குறையோடு வரும் ஏழையை, மெஷினைத் திறந்தும் பாராமல், “இது தேய்மானம், நீ எண்ணெய் கலக்கவில்லை” என்று திருப்பி அனுப்பும் கடைக்காரரும் அதே பொய்யைத்தான், அதிகப் பலத்தோடு, சொல்கிறார். “எட்டு மாதம் ஓட்டினாயே” என்று சொல்லி வாயடைப்பதும் நியாயமன்று. வாங்கி வேலை வாங்கிய ஓர் அடிமையைப் பழைய குறை கண்டு திருப்பிக் கொடுத்தவனிடம், இடைக்காலத்தில் அந்த அடிமையின் உழைப்பால் வந்த வருவாயை விற்றவன் கேட்டபோது, பொறுப்பைச் சுமந்தவனுக்கே பயனும் உரியது என்று தீர்ப்பளித்த நபிமொழி, நம் அண்டையிலுள்ள முஸ்லிம்களின் வியாபார நீதிக்கு அடிப்படைகளுள் ஒன்றாக நிற்கிறது. குறை மூலத்திலேயே இருந்தது மெய்யானால், இடையில் பொருளைப் பயன்படுத்தியதற்காக ஒருவர் நாணவேண்டியதில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்பதைத் தரத்தின் ஓர் அங்கமாகவே வைத்து, முறையற்ற உபயோகத்தால் விளைந்த பழுதை விலக்குகிறது.

குறையா தேய்மானமா என்று வாங்கியவருக்கே விளங்காத நிலைதான் பெரும்பாலும் நேர்வது. அந்நிலையில், கடைக்குப் போகாமல் இருந்துவிடுவது தர்மமென்று நான் சொல்லமாட்டேன், அது பேதைமை. ஐயத்தை ஐயமாகவே எடுத்துச் சென்று, நடந்ததை ஒளிக்காமல் சொல்லி, திறந்து பார்த்து முடிவு கூறும்படி கேட்பவர் பொய்யரும் அல்லர், யாசகரும் அல்லர்.

கடைக்காரர் திறந்து பார்க்கவும் மறுத்தால், வீட்டு உபயோகத்துக்கு வாங்கிய பொருளாயின், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி, வக்கீல் இல்லாமலே முறையிடலாம். ஆதலால் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் கடைக்குச் சென்றாலும் தீர்ப்பாயத்துக்குச் சென்றாலும், மெஷின் எத்தனை மாதம் ஓடியது, என்ன எண்ணெய் எவ்வளவு கலந்தது, யார் யாருக்கு இரவல் போனது என்பதை, அவர்கள் கேட்கும் முன்னரே நீங்களாகச் சொல்லிவிட்டு, அதன்பிறகு உங்கள் குறையைச் சொல்லுமாறு வேண்டிக்கொள்கிறேன்.