நினைவிழந்தவனும் தூக்குக்கயிறும்

திருவனந்தபுரம் வலியசாலையில், காந்தளூர் சிவன் கோயிலைச் சூழ்ந்து தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் தெருக்கள் உள்ளன. பூஜப்புரை மத்தியச் சிறை அங்கிருந்து வெகுதொலைவில் இல்லை. அச்சிறையில் கொலைக் குற்றத்திற்காக அடைபட்டிருப்பவனின் கை ஏன் ஓங்கியது? அதை எவ்வாறு தடுத்திருக்கலாம்?

கடுமையான தண்டனையே தடுக்கும் என்பர். இவ்வூர் அதைச் சோதித்தே பார்த்திருக்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1944-இல் மரண தண்டனையை நீக்கியது. இந்தியாவுடன் இணைந்தபின் அது மீண்டும் நடைமுறைக்கு வந்தது. தூக்கு இல்லாத 1945-50 ஆண்டுகளில் நடந்த கொலைகள் 962. தூக்கு திரும்பிய 1950-55 ஆண்டுகளில் 967. உச்சநீதிமன்ற நீதிபதி பி.என். பகவதி தமது மாறுபட்ட தீர்ப்பில் (1982) இவ்வெண்களை எடுத்துக்காட்டினார். இடையில் மக்கள்தொகை பெருகியிருக்கும். ஆகவே இவற்றைக் கொண்டு எதையும் முடிந்த முடிபாக நிறுவ இயலாது. எனினும், தூக்குக்கயிறு எதிர்பார்த்த அற்புதத்தை நிகழ்த்தவில்லை என்பது தெளிவு.

காரணத்தைக் கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் காணலாம். ஒன்றையே எண்ணிக்கொண்டிருப்பவனிடம் பற்று பிறக்கிறது. பற்றிலிருந்து ஆசை, ஆசையிலிருந்து சினம், சினத்திலிருந்து மயக்கம், மயக்கத்திலிருந்து நினைவிழப்பு, அதன்பின் புத்தி நாசம். இவ்வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது. தண்டனையின் அச்சம் வேலை செய்ய வேண்டுமானால், கை ஓங்கும் கணத்தில் அது நினைவிற்கு வர வேண்டும். அக்கணத்திலோ நினைவே முதலில் அழிந்துவிடுகிறது! வேலித் தகராற்றில் அரிவாளை எடுப்பவன் சட்டப் பிரிவுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

திட்டமிட்டுக் கொல்பவன் வேறு வகை. அவன் கணக்குப் பார்ப்பவன். ஆனால் அவனும் எண்ணுவது, 'அகப்படுவேனா?' என்பதையே. தண்டனையின் கடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார்.

அப்படியாயின் தடுப்பின் இடம் சங்கிலியின் முற்பகுதியே. மனத்தாங்கல் பகையாக முற்றுமுன் கேட்டறியும் ஒரு மூத்தவர், குடியை விட முயல்பவனுக்குக் கிடைக்கும் துணை, அடிபட்ட மனைவியின் புகாரை 'குடும்ப விஷயம்' என்று திருப்பியனுப்பாத காவல் நிலையம்: இவை தூக்குமேடையைப் போல் கண்ணில் படுவதில்லை; அதனாலேயே இவற்றைக் கோரி எவரும் குரல் எழுப்புவதுமில்லை.

காட்டாக்கடைக்கு அருகே நெட்டுக்கால்தேரியில் 1962 முதல் ஒரு திறந்தவெளிச் சிறை இயங்கி வருகிறது. நன்னடத்தை காட்டிய ஆயுள் கைதிகள் அங்கே ரப்பர் தோட்டத்தில் உழைக்கின்றனர். பால் வெட்டும் கத்தியுடன் மரங்களிடையே செல்வோருள் ஒருகாலத்தில் கொலை செய்தவர்களும் உண்டு.