சொந்த வீடா, ஊர்ச் சாவடியா?

1940ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில் லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர், ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரியில் வாக்களிக்கப் போனார். வாக்குச்சீட்டுத் தர மறுத்துவிட்டார்கள். கட்சி தனியார் சங்கம், யாரைச் சேர்ப்பது என்பது சங்கத்தின் விருப்பம் என்பது அவர்கள் வாதம். அன்றைய டெக்சாசில் அந்தக் கட்சி நிறுத்துகிறவர்தான் நவம்பர் பொதுத்தேர்தலில் வெல்வார். பிரைமரியில் வாக்கில்லாதவருக்கு உண்மையில் வாக்கே இல்லை. 1944இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில் அந்தத் தடையை உடைத்தது.

நிறத்தைக் காட்டித் துரத்துவதும், கட்சியில் பதியவில்லை என்று ஒரு வாக்காளரை இன்று பிரைமரியில் நிறுத்துவதும் ஒன்றல்ல. கட்சிப் பதிவை மாற்றிக்கொள்ளலாம், பிறந்த நிறத்தை மாற்ற முடியாது. ஆனாலும் முடிவு பிரைமரியிலேயே ஆகிவிடுகிற தொகுதிகள் அமெரிக்காவில் இன்றும் ஏராளம். அங்கே கதவை அடைப்பது வெறும் வீட்டு விவகாரமா?

கட்சியின் பக்கமும் நியாயம் உண்டு. 2008இல் ரஷ் லிம்பா என்ற வானொலிப் பேச்சாளர், ஜனநாயகக் கட்சியின் பிரைமரிக்குள் நுழைந்து ஹிலாரி கிளிண்டனுக்கு வாக்களிக்கும்படி குடியரசுக் கட்சி நேயர்களைத் தூண்டினார். ஒபாமாவோடு ஹிலாரியின் போட்டி நீண்டு எதிர்த்தரப்பு களைக்க வேண்டும் என்பதே நோக்கம். வருடக்கணக்கில் கட்சிக்கு உழைத்தவரின் வாக்கை இப்படிக் கெடுப்பது அநீதி.

மக்கள் கருத்தை வைத்து இதைத் தீர்த்துவிட முடியாது. கலிஃபோர்னிய மக்கள் 1996இல் பிரைமரிகளின் கதவுகளை எல்லா வாக்காளருக்கும் திறக்க வாக்களித்தார்கள். கட்சிகளின் சங்கம் அமைக்கும் உரிமையைச் சொல்லி 2000இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஃபுளோரிடாவில் 2020இல் 57 சதவீதம் பேர் திறப்பை ஆதரித்தும், 60 சதவீதம் தேவை என்பதால் தோற்றது. நெவாடாவும் ஐடஹோவும் 2024இல் இத்தகைய மாற்றத்தை மறுத்துவிட்டன.

செலவு யாருடையது என்று பார்த்தால் வழி கொஞ்சம் தெளிகிறது. பெரும்பாலும் பிரைமரியை நடத்துவது அரசு, பணம் வரிப்பணம். கட்சி தன் மாநாட்டில், தன் காசில் வேட்பாளரைத் தேர்ந்தால் வெளியாள் கேள்வி கேட்க முடியாது. ஊர்ப்பணத்தில் வாக்குச்சாவடி போட்டபின், எக்கட்சியிலும் பதியாதவரை வெளியே நிற்கச் சொல்வது தவறு. எதிர்க்கட்சியில் பதிந்தவரைத் தடுப்பது தவறல்ல. அவருக்கென்று ஒரு பிரைமரி இருக்கிறது.

கொலராடோ 2016இல் ஏறத்தாழ இதைத்தான் ஏற்றது. கட்சி சாராத வாக்காளரின் வீட்டுக்கு இரு கட்சிகளின் சீட்டுகளும் அஞ்சலில் வருகின்றன. ஒன்றை மட்டுமே நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அனுப்பினால் இரண்டுமே செல்லாது.