ஜன்னலுக்குக் கொடுத்த காசு

விமானத்தில் ஜன்னல் சீட் பிடிப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. காட்மாண்டு போகிறீர்களா? டெல்லியிலிருந்து போகும்போது இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். மலை வடக்கே இருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு. இறக்கைக்கு மேலே உட்கார்ந்தால் தகரம்தான் தெரியும். அதற்குப் பின்னால் என்றால் இன்ஜின் விடும் சூட்டில் காட்சி கலங்கும். முன்வரிசைதான் உசிதம்.

சில விமானங்களில் ஜன்னல் சீட் இருக்கும், ஜன்னல் இருக்காது! ஏ.சி. குழாய் போவதற்காக அடைத்திருப்பார்கள். 2025ல் அமெரிக்கப் பயணிகள் சிலர் இதற்காகவே இரண்டு விமான நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள். பி.காம். படித்த எனக்கு அந்தக் கோபம் உடனே புரிந்தது. காசு கொடுத்தாச்சு, சரக்கு வரவில்லை.

ஆனால், காசும் கொடுத்து, சரக்கும் வந்து, அப்புறமும் கணக்கு டேலி ஆகாத பயணம் ஒன்று உண்டு.

காட்மாண்டுவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். வலது ஜன்னல், கூடுதலாகச் சில நூறு ரூபாய் கட்டிப் பிடித்தது. பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா ஒருவர். எழுபதைத் தாண்டியவர். முக்திநாத் சேவிக்கக் கிளம்பி வந்தவர். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் அதுவும் ஒன்று. பொக்காராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானத்தில் போக வேண்டும். காற்றும் மேகமும் மனசு வைத்தால்தான் அது கிளம்பும். மூன்று நாள் காத்திருந்தும் கிளம்பவில்லை. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று கூட்டிவந்தவர்கள் திருப்பிவிட்டார்கள்.

"என் வயசுக்கு அடுத்த வருஷம்னா என்ன தம்பி அர்த்தம்?" என்று சிரித்தார்.

விமானம் மேலேறியதும் வெள்ளை வெளேரென்று மலை வரிசை. நான் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு போட்டோ எடுக்க ஆரம்பித்தேன்.

"முக்திநாத் எந்தப் பக்கம் தம்பி?"

"இதோ, இந்த அன்னபூர்ணாவுக்கு அந்தாண்டதாம்மா. 8,091 மீட்டர்!"

அவர் கைகூப்பினார். எதிரே இருந்தது என் தோள்பட்டை.

எழுந்து இடம் கொடுத்திருக்கலாம்தான். பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால், அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சற்று நேரத்தில் அணைந்தும் விட்டது. தவுளகிரி பாக்கி இருந்தது, 8,167 மீட்டர். அதை மட்டும் எடுத்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். எடுத்தேன். எழுந்தேன். அவர் மெள்ள நகர்ந்து உட்கார்ந்தபோது மலை பின்னால் போயிருந்தது. எதிரே மேகம்.

"பரவால்ல தம்பி, நீங்க பாத்தீங்கல்ல" என்றார்.

என் பக்கம் நியாயமே இல்லையா? இருக்கிறது. காசு கட்டியவன் நான். அவர் இடம் கேட்கவும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒரு கஷ்டம் உட்கார்ந்திருக்கிற போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும் என்றால், யாருமே சீட்டில் உட்கார முடியாது. எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் நான்தான் ஜெயிப்பேன்.

ஆனால், நான் காசு கொடுத்தது நாற்காலிக்கு. மலைக்கு இல்லை. சீட்டில் ஒருவர்தான் உட்காரலாம். மலையை இரண்டு பேர் பார்த்தால் யாருக்கும் குறையாது. எழுந்திருக்கக்கூட வேண்டாம், போனை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருந்தால் போதும். செலவு பூஜ்யம். சீட்டை விட்டுக்கொடுக்கணுமா, வேண்டாமா என்று பெரிய தர்ம விசாரம் நடத்திக்கொண்டிருந்ததில், சும்மா சாய்கிற யோசனையே எனக்கு வரவில்லை. உரிமையைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தால் இப்படித்தான். பக்கத்தில் இருப்பவர் எதிர்க்கட்சி ஆகிவிடுகிறார்.

இப்போதும் அதே கணக்குப் போட்டுத்தான் ஜன்னல் சீட் பிடிக்கிறேன். திருந்திவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம், "வெளியே பாக்கணுமா?" என்று மட்டும் கேட்டுவிடுகிறேன். பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள்.

அந்தத் தவுளகிரி படம் என் போனில் இருக்கிறது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை.