ஃபத்வாவும் சுரங்கமும்

வழக்காட வந்தவரிடம் காஜி அன்பளிப்புப் பெறலாகாது என்பது ஃபிக்ஹுச் சட்டம். அவர் நீதி வழுவாதவராயினும் சரியே. அன்பளிப்பு அவர் உள்ளத்தை ஒரு பக்கம் சாய்த்துவிடலாம். சாய்க்காவிட்டாலும், தோற்றவன் அத்தீர்ப்பை நம்பமாட்டான்.

இச்சட்டம் இன்று எங்கே பொருந்துகிறது எனச் சற்றுச் சிந்திப்போம்.

பூமி சூடேறி வருகிறது. நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரிப்பதே இதற்குத் தலையாய காரணம். 2015-ஆம் ஆண்டில் கத்தோலிக்கரின் தலைவராயிருந்த போப் பிரான்சிஸ், இலாபமே குறியான பொருளாதாரத்தைக் கண்டித்து உலகுக்கு நீண்ட மடல் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள், செல்வ நாடுகளும் எண்ணெய் வள நாடுகளும் இந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இப்புகையை ஒழிக்க முன்நிற்க வேண்டும் என்றனர். அளவுள்ள பூமியில் அளவற்ற வளர்ச்சியைத் துரத்துவது நிலைக்காது என்றும் எச்சரித்தனர். இந்தோனேசிய உலமா சபை 2023-ஆம் ஆண்டு ஃபத்வாவில், காடழிப்பையும் காடெரிப்பையும் ஹராம் என்றது.

ஆனால் 2024 மே மாதம் அந்நாட்டு அரசு, சமய அமைப்புகளுக்குச் சுரங்க உரிமத்தில் முன்னுரிமை அளித்தது. 1926-இல் தோன்றிய நஹ்ளத்துல் உலமா அதனை ஏற்றது. 1912-இல் தோன்றிய முஹம்மதிய்யாவும் ஜூலையில் ஏற்றது. கத்தோலிக்க ஆயர் பேரவையோ வேண்டாமென்றது.

ஏற்றவர்களுக்கும் நியாயம் உண்டு. மதரஸாக்களையும் மருத்துவமனைகளையும் நடத்தப் பொருள் வேண்டும். நாம் தோண்டாவிட்டால் வேறொரு முதலாளி தோண்டத்தான் போகிறார் என்றும் கேட்கலாம்.

நிலக்கரி தோண்டுவதே ஹராம் என நாம் சொல்ல வரவில்லை. நம் வீட்டு விளக்கும் பெரும்பாலும் அதனால்தான் எரிகிறது. கேள்வி வேறு. சுரங்கத்தால் எங்கள் ஊற்று கெட்டுவிட்டதென்று நாளை ஒரு கிராமத்து ஏழை ஆலிமிடம் வந்து முறையிட்டால், அவர் யாராக அமர்ந்து கேட்பார்? நீதி சொல்பவராகவா, பங்காளியாகவா? வேறொருவர் தோண்டினால், அவரைத் தட்டிக் கேட்க ஒரு நாவாவது மிஞ்சும். மதரஸாவுக்கான பொருளை வேறு வழியில் தேடலாம். இழந்த நம்பிக்கையை எந்தக் கடையில் வாங்குவது?

தொலைதூர நாட்டைக் குறை கூறிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. மினாரா கட்டித் தந்த செல்வரின் தோல் ஷாப்புக் கழிவு ஆற்றில் கலக்கிறது என வைத்துக்கொள்வோம். அதை மிம்பரில் பேச நம் இமாமுக்கு வாய் வருமா? வராவிட்டால் குற்றம் அவருடையது மட்டுமல்ல. அவருக்குப் போதிய சம்பளம் தராமல், ஒருவரின் தயவில் நிறுத்தி வைத்த ஜமாஅத்தாருடையதும்தான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் ஒளுச் செய்தார்கள் என ஹதீஸ்களில் காண்கிறோம். இரு கைகளும் நிறைய அள்ளும் அளவே அது. ஆசையைச் சுருக்கியவருக்கே உண்மையைத் துணிந்து சொல்ல இயலும். அந்தத் துணிவை நம் ஆலிம்களுக்கும், அதைக் காக்கும் மனத்தை நமக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.