ஆள் பிடிப்பது நீதியாகாது

2025 ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நகை காணவில்லை என்ற புகாரின் பேரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட கோயில் காவலாளி ஒருவர், போலீஸ் பிடியில் உயிரிழந்தார். அவரை அடிக்கும் காணொளியைப் பார்த்துத் தமிழகமே பதறியது. காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்குப் போனது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரப் பழங்குடி இருளர் குடியிருப்புகளுக்கோ இப்படிப்பட்ட விசாரணை புதிதல்ல.

திருட்டைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு சமூகத்தையே சந்தேக வளையத்தில் வைப்பது அறமா? இல்லை. எத்தனை வழக்குகள் அதனால் துலங்கினாலும் அது அறமாகாது.

1993இல் விழுப்புரத்தை அடுத்த அத்தியூரில், திருட்டு வழக்கு ஒன்றில் ஒருவரைத் தேடி வந்த புதுச்சேரிக் காவலர்கள் ஓர் இருளர் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. விழுப்புரம் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதிக்க 2006 ஆனது. மேல்முறையீட்டில் அதுவும் நிற்கவில்லை. 2011 நவம்பர் 22 இரவு, அன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த திருக்கோவிலூர் அருகே, மறுபடியும் ஒரு திருட்டு விசாரணை. அழைத்துச் செல்லப்பட்ட நான்கு இருளர் பெண்களைத் தைல மரத் தோப்பில் வைத்துக் காவலர்கள் வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. விதிவிலக்கான சூழல் தவிர, பெண்களைச் சூரியன் மறைந்த பின் கைது செய்யக் கூடாது என்ற சட்டம் அப்போதும் இருந்தது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் அவர் முயற்சியில் உருவான பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் இல்லாவிட்டால், இவை ஸ்டேஷன் வாசலைக்கூடத் தாண்டியிருக்குமா என்பது ஐயமே.

ஏன் இருளர்? போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அந்த வாக்குமூலத்தின் வழியே பொருள் கைப்பற்றப்பட்டால் மட்டும், அந்த அளவுக்கு அது சாட்சியாகும். ஸ்டேஷன் பேச்சில் இதற்கு ‘ரெகவரி’ என்று பெயர். துப்புத் துலங்காத வழக்குகளுக்கு மேலதிகாரியிடம் பதில் சொல்லியாக வேண்டிய இன்ஸ்பெக்டருக்கு, ஓர் ஆளும் ஒரு ரெகவரியும் வேண்டும். ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்களுக்காக யார் வக்கீல் வைப்பது? வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போடுவதென்றாலும் முதலில் சாதிச் சான்றிதழைக் கேட்கிறார்கள். அதற்கே கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடக்க வேண்டும். கேட்க ஆளில்லாதவன் மேல் பழைய கேஸ்களையும் சேர்த்து எழுதிவிடுவது எளிது. பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலேயே ஒழிந்தது. ஆனாலும் அந்த முத்திரையிலிருந்து விடுபட்ட சீர்மரபினரைத் தன்னிச்சையாகக் கைது செய்யாமல் பார்த்துக்கொள்ளும்படி 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் போலீசுக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்ப்புச் சொல்ல அயல்நாட்டு நூல் எதுவும் தேவையில்லை. சிலப்பதிகாரமே ஒரு நகைத் திருட்டு வழக்குதான். திருடிய பொற்கொல்லன் ஊருக்குப் புதியவன் ஒருவனைக் கைகாட்டுகிறான். பிடிக்கப் போன காவலர்களே, இவனைப் பார்த்தால் கள்வனாகத் தோன்றவில்லை என்கிறார்கள். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை எல்லாம் அடுக்கி அந்த ஐயத்தைக் கலைக்கிறான். விவரமறியாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். அந்த ஒரு ரெகவரிக்கு மதுரை கொடுத்த விலை தெரிந்ததே. அதே காப்பியம் பொற்கைப் பாண்டியனையும் நினைவூட்டுகிறது. இரவில் குடிமகன் வீட்டுக் கதவைத் தட்டிய குற்றத்துக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்டவன் அவன். நள்ளிரவில் குடிசைத் தட்டியைப் பிரித்துக்கொண்டு நுழைகிறவர்கள் அவனை நினைக்க வேண்டும். கன்றுக்காக மகனைத் தேர்க்காலிலிட்ட மனுநீதிச் சோழன் தன் இரத்தத்துக்கும் சலுகை காட்டவில்லை. மணிமேகலை அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். குற்றத்தை ஆராய்ந்து, யார் பக்கமும் சாயாமல் முடிவு செய்வதே முறை என்று செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், அடுத்த அதிகாரத்தின் வாசலிலேயே, குடிகளை வருத்தும் அரசு கொலைஞரைவிடக் கொடியது என்கிறார்.

நகையைப் பறிகொடுத்தவரின் வேதனையும் உண்மைதான். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பவுன் அது. கொடியவரைத் தண்டிப்பது பயிருக்குக் களை எடுப்பது போன்றது என்று வள்ளுவரும் ஒப்புகிறார். ஆனால் களை எது, பயிர் எது என்று பாராமல் அரிவாளை வீசுவதற்கு அவர் அனுமதி தரவில்லை.

மாற்று வழி இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவில் காவலில் இறந்த 99 பூர்வகுடியினரைப் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1991இல் 339 பரிந்துரைகளை அளித்தது. கைது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரங்களில் ஒன்று. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பூர்வகுடி ஒருவரைக் காவலில் வைத்தால், போலீஸ் அவர்களுக்கான சட்ட உதவி அமைப்புக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும். அங்கும் மரணங்கள் முற்றிலும் நின்றுவிடவில்லை. ஆயினும் யாருக்கும் தெரியாமல் ஒருவரை வைத்திருப்பது கடினமாகிவிட்டது. இங்கும் கைதானவரின் உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே கட்டளையிட்டது. இருளர் ஒருவரை விசாரணைக்கு அழைத்த உடனே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் அவருடைய சங்கத்துக்கும் சொல்வதைக் கட்டாயமாக்க அரசுக்குப் பெரிய செலவில்லை. மனம்தான் வேண்டும்.

அந்த மனம் காவல்துறைக்கு மட்டும் வேண்டியதல்ல. வீட்டில் பொருள் காணாமல் போனதும், ‘அந்த ஏரிக்கரை ஆளுங்களைக் கேளுங்க’ என்று ஸ்டேஷனில் சொல்லும் ஊராருக்கும் அந்தப் பாவத்தில் பங்குண்டு. தொலைந்த பவுனை உழைத்து மறுபடி சேர்க்கலாம். விசாரிக்காமல் அடித்த அடியை எந்த இழப்பீடும் ஆற்றாது. குடிசையில் இருப்பவனையும் குடிமகன் என்று மதித்து விசாரிக்கும் ஊரில்தான் மாடி வீட்டுப் பெட்டகத்துக்கும் உண்மையான காவல் உண்டு. ஏனென்றால் அங்கேதான் உண்மையான திருடன் பிடிபடுவான்.