நாய்க்கு எத்தனை வேளை உணவு?
(அன்னபான நிரோதம் குறித்து ஒரு சிந்தனை)

விரதம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனம் பெரிய செயல்களையே நாடுகிறது. பருவ நாட்களில் உண்ணா நோன்பு, தலயாத்திரை, தானம், பூசை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. ஆயின் இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்கள் நாள்தோறும் சோதிக்கப்படுவது சமையற்கட்டிலும் கொல்லைப்புறத்திலுமே என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம். நம் இல்லங்கள் பலவற்றில் இன்று ஒரு நாய் இருக்கிறது. வளர்ந்த அந்நாய்க்கு ஒரு நாளைக்கு எத்தனை வேளை உணவிட வேண்டும்? ஒருவேளை போதும் என்பார் சிலர். இருவேளை வேண்டும் என்பார் சிலர். நாம் உண்ணும்போதெல்லாம் அதற்கும் இட வேண்டும் என்பார் வேறு சிலர். இது கால்நடை மருத்துவரிடம் கேட்க வேண்டிய வினா மட்டுமே என்று ஒதுக்கிவிட இயலாது. நம் முதல் விரதமாகிய கொல்லாமையை நேராகத் தொடும் வினா இது.

உமாஸ்வாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம், அகிம்சை அணுவிரதத்திற்கு நேரும் ஐந்து அதிசாரங்களை எடுத்துரைக்கிறது. கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மீறிய சுமையை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் என்பன அவை. இறுதியாக நிற்பதே அன்னபான நிரோதம். இவ்வைந்தும் யார்மீது நிகழக்கூடியவை என்று சற்றே எண்ணிப் பார்ப்போம். வானில் பறக்கும் பறவையின் உணவையோ, காட்டில் திரியும் மானின் உணவையோ நாம் தடுப்பதில்லை. நம் தொழுவத்திலும் முற்றத்திலும் நம் கைக்குள் அடங்கி வாழும் உயிர்களுக்கே இத்தீங்குகளை நாம் இழைக்க முடியும். ஆகவே இவ்வதிசாரங்கள், நம்மைச் சார்ந்து வாழும் உயிர்களிடம் நாம் எவ்வாறு ஒழுகுகிறோம் என்பதற்கு வைக்கப்பட்ட அளவுகோல் எனலாம்.

முதலில் உடலின் இயல்பை அறிவோம். குட்டிகளுக்கு வயிறு சிறிது, வளர்ச்சியோ விரைவு. ஆதலின் அவற்றுக்கு மூன்று அல்லது நான்கு வேளை உணவு வேண்டும். ஆறு திங்கள் கடந்தபின் வேளைகளை இரண்டாகக் குறைக்கலாம். ஏறத்தாழ ஓராண்டு நிறைந்து வளர்ந்துவிட்ட நாய்க்கு ஒருநாள் அளவைக் காலை, மாலை என இரண்டாகப் பகுத்து இடுமாறு கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் அறிவுறுத்துகின்றனர். ஒரே வேளை உண்ணும் நாய்களுள் சில, வெறும் வயிற்றோடு நெடுநேரம் இருப்பதால் விடியற்காலையில் மஞ்சள் நிறப் பித்தநீரை வாந்தி எடுக்கும். ஆழ்ந்த மார்புடைய பேரினங்களுக்கு முழு உணவையும் ஒரே வேளையில் இடும்போது, வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் கொடிய நோய் வரும் வாய்ப்பு மிகுகிறது. அந்நோய் சில மணி நேரத்தில் உயிரைக் கொள்ள வல்லது.

எனினும் ஒருவேளை உணவு என்பதே கொடுமை என்று முடிவு கட்டுவதும் பொருந்தாது. நாயின் முன்னோராகிய ஓநாய் இனம், கிடைத்தபோது நிறைய உண்டு, கிடைக்காதபோது பட்டினி கிடந்து வாழ்ந்ததாகும். அமெரிக்காவில் நடைபெறும் நாய்களின் முதுமை பற்றிய பேராய்வில், இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி அவற்றை வளர்ப்போர் அளித்த விவரங்களை ஆராய்ந்து, 2022-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாளுக்கு ஒருமுறை மட்டும் உண்ணும் நாய்களிடம் சில நோய்களும் முதுமையின் அறிவுத் தளர்ச்சியும் குறைவாகக் காணப்பட்டன என்று அது கூறியது. ஆயினும் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதையே அவ்வாய்வு காட்டியது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று நிறுவவில்லை. நோயுற்ற நாய்க்கு மருந்தின் பொருட்டோ, பசிக்குறைவின் பொருட்டோ பலமுறை உணவிடுவது வழக்கமாதலால், காரணம் தலைகீழாக இருக்கவும் கூடும். எனவே எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்து, இது அறம், இது மறம் என்று நாம் கூறிவிட முடியாது.

இங்கே நம்மவர் சிலர் ஒரு கருத்தை முன்வைக்கின்றனர். "நாமே ஏகாசனம் மேற்கொண்டு ஒருவேளை உண்கிறோம், அட்டமி, சதுர்த்தசி நாட்களில் உபவாசம் இருக்கிறோம். நம் வீட்டு நாயும் அவ்வாறே இருந்தால் அதற்கும் புண்ணியம்தானே?" என்பது அவர்தம் வினா. நல்லெண்ணத்தில் பிறந்த வினாவே ஆயினும் அதில் ஒரு மயக்கம் இருக்கிறது. நோன்பு நோன்பாவது பட்டினியால் அன்று. ஏற்பவர் தம் மனத்தால் ஏற்பதால்தான். உணவு எதிரில் இருந்தும் வேண்டா என்று நீக்குபவரே தவம் செய்தவர். உணவே வராமல் காத்துக் கிடப்பவர் தவம் செய்தவர் அல்லர், பசித்தவர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இருவர் வயிறும் ஒன்றுபோல் வெறுமையானவையே. ஒன்றில் வினை உதிர்கிறது; மற்றொன்றில் துன்பம் மட்டுமே விளைகிறது.

விலங்குகளும் விரதம் ஏற்றதாக நம் புராணங்கள் கூறுகின்றனவே எனலாம். உண்மை. மகாவீரர் முற்பிறவி ஒன்றில் சிங்கமாக இருந்தபோது, சாரண முனிவர் இருவர் உரைத்த அறத்தைக் கேட்டு, ஊனை விடுத்து நோன்பேற்றது என்பது நாம் அறிந்த வரலாறு. ஆயின் அச்சிங்கத்தை எவரும் கூண்டில் அடைத்து உணவை மறுக்கவில்லை. முனிவர்கள் அறம் உரைத்தார்கள். சிங்கம் தன் உள்ளத்தால் ஏற்றது. நம் நாய்க்கு நாம் அறிவிக்கும் நோன்பில் இவ்விரண்டுமே இல்லை. ஒருவர் ஏற்றால் விரதமாவதையே மற்றொருவர்மீது சுமத்தினால் நிரோதமாகிவிடுகிறது. நம் உபவாச நாளில் அடுப்பு எரியாதிருக்கலாம். அந்நாளிலும் நாயின் தட்டு நிறைந்திருக்க வேண்டும்.

ஐந்து அதிசாரங்களில் முதலாவதாகிய கட்டி வைத்தலை இதனோடு சேர்த்துப் பார்த்தால் வினாவின் மையம் விளங்கும். ஊர்த்தெருவில் திரியும் நாய் ஒரு வீட்டில் ஒரு கவளமும் அடுத்த வீட்டில் அரைக் கவளமும் பெறுகிறது. நாம் ஒருவேளை இட்டாலும், மற்ற வேளைகளைத் தன் காலால் தேடிக்கொள்கிறது. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கோ நம் தட்டு ஒன்றே உலகம். அதற்கு நாம் மறந்த வேளை என்பது இல்லாத வேளை. சங்கிலியை மாட்டிய அந்நொடியிலேயே அதன் தேடலை நாம் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தருவதே நாம் இடும் உணவு. அது தானம் அன்று, கடன். 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டமும், போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தாராமையையும், நாயை வழக்கமாகக் கட்டியே வைத்து நடமாட விடாமையையும் வதை என்றே கொள்கிறது. சட்டம் தண்டனைக்கு அஞ்சச் செய்கிறது. அறமோ தண்டிப்பார் இல்லாத இடத்திலும் நம்மைக் கேள்வி கேட்கிறது.

ஆகவே கட்டியோ, மதிற்சுவருக்குள் அடைத்தோ வளர்க்கும் நாய்க்கு இருவேளை உணவே தக்கது என்பது நம் கருத்து. காலையில் ஒருமுறை, கதிரவன் மறைவதற்கு முன் ஒருமுறை. இதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஒருநாள் உணவு முழுவதையும் ஒரே குவியலாக இட்டால், நாய் தின்றது போக எஞ்சியது தட்டிலேயே கிடக்கும். வெயிலில் சோறு புளிக்கும், ஈ மொய்க்கும், எறும்பு சாரிசாரியாக வரும். பிறகு தட்டைக் கழுவும்போது எத்தனை உயிர்கள் மடிகின்றன! இருளில் இட்டாலோ, சோற்றில் வீழ்ந்த பூச்சி நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இரவில் உண்ணாமைக்கு நாம் கூறும் காரணம் நாயின் தட்டுக்கும் பொருந்தும். பகலொளியில், உண்டு முடிக்கும் அளவு மட்டும் இட்டு, தட்டை உடனே தூய்மை செய்தால் நாயும் எறும்பும் ஒருங்கே காக்கப்படும். நோயுற்ற நாய்க்கும் சிறு குட்டிக்கும் இரவில் உணவு தேவை என்று மருத்துவர் கூறினால் அதை மறுப்பது முறையன்று. பிறரை இரவில் உண்பிப்பதில்லை என்ற விரதத்தையும் ஏற்ற பெரியோர் உள்ள இல்லங்களில், அப்பணியை மற்றையோர் ஏற்றுக்கொள்ளலாம். நீருக்கு மட்டும் வேளைக் கணக்கு இல்லை. வடிகட்டிய நீர் இரவும் பகலும் அதற்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பரிவு மிகுந்து, கேட்டபோதெல்லாம் இடுவோரும் நம்மிடையே உளர். அவர்கள் கவனிக்க வேண்டியது நான்காம் அதிசாரமாகிய அதிபாரம். சுமையை முதுகில் ஏற்றுவது போலவே உடலுக்குள்ளும் ஏற்ற முடியும். கொழுத்த நாய் தன் எடையைத் தானே சுமந்து, மூட்டு நோயுற்று, மூச்சு வாங்கி நடக்கிறது. 2002-ஆம் ஆண்டில் வெளியான நெடுங்கால ஆய்வு ஒன்றில், 48 லாப்ரடார் நாய்களை இருகூறாக்கி, ஒரு கூற்றுக்கு மற்றதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாக உணவிட்டு வந்தனர். குறைவாக உண்டவை ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் மிகுதியாக வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குக் காலம் தாழ்த்தே வந்தது. அளவறிந்து இடுவது நிரோதம் அன்று என்பதற்கு இது சான்று. விலாவில் கை வைத்தால் எலும்பு விரலுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. இதுவே எளிய அளவு.

ஊன் இன்றி நாய் வாழுமா என்ற ஐயமும் பலருக்கு உண்டு. பூனைக்கு இறைச்சியில் மட்டுமே இயற்கையாகக் கிடைக்கும் சில சத்துகள் இன்றியமையாதவை. நாயின் நிலை வேறு. மனிதரோடு நெடுங்காலம் வாழ்ந்ததால் மாவுப்பொருளைச் செரிக்கும் ஆற்றல் அதற்கு ஓநாயைவிட மிகுந்திருப்பதை 2013-ஆம் ஆண்டில் மரபணு ஆய்வாளர் கண்டனர். ஆயினும் வெறும் தயிர்ச்சோறு அதற்குப் போதாது. வெந்த பருப்பு, காய்கள், பால்பொருள் ஆகியவற்றோடு, மருத்துவர் கூறும் சத்துகளும் சேர வேண்டும். நம்மில் பலர் விலக்கும் வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பவை. பாயசத்தில் இடும் உலர்ந்த திராட்சையும் அதன் சிறுநீரகத்திற்கு நஞ்சாகலாம். நம் விரதத்தைக் காக்க நாய்க்கு ஊனை விலக்குவோமாயின், அதனால் அதன் உடல் மெலியாதவாறு பார்ப்பதும் நம் பொறுப்பே. இல்லையெனில் ஓர் உயிரைக் காத்து மற்றோர் உயிரை வாட்டியவர் ஆவோம்.

நாயின் உணவை நாம் உண்மையில் தடுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று சினம். செருப்பைக் கடித்தது, விருந்தினரைப் பார்த்துக் குரைத்தது என்பதற்காக "இன்று இதற்குச் சோறு இல்லை" என்று சொல்லும் இல்லங்கள் உண்டு. காலையில் செய்த குறும்புக்கும் மாலையில் வராத உணவுக்கும் உள்ள தொடர்பை நாய் அறியாது. பசியை மட்டுமே அறியும். ஆகவே அதில் திருத்தம் ஏதும் இல்லை. நம் சினத்தின் நிறைவே உண்டு. மற்றொன்று வசதி. மேல்சித்தாமூர் தேர்த்திருவிழாவுக்கோ, திருமண வீட்டுக்கோ குடும்பத்தோடு புறப்படும்போது ஒரு குவியல் சோற்றை வைத்துவிட்டுக் கதவைப் பூட்டிச் செல்கிறோம். ஜினாலயத்தில் நாம் வலம் வரும் அந்நேரத்தில் நம் வாயிலில் ஓர் ஐம்பொறி உயிர் புளித்த சோற்றின் முன் கிடக்குமாயின், அவ்வழிபாட்டின் பயன் யாது? அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் செல்வதும் யாத்திரைக்கான ஆயத்தங்களுள் ஒன்றாகட்டும்.

"பிற உயிரைக் கொல்லும் இயல்புடைய விலங்கை வளர்ப்பதே தகாது அல்லவா?" என்று கற்றறிந்த பெரியோர் கேட்கலாம். பூனை முதலியவற்றை வளர்ப்பதைப் பயனற்ற தீமைகளுள் ஒன்றாகக் கார்த்திகேயானுபிரேட்சை கூறுவதும் உண்மையே. இனி வளர்க்கலாமா என்று எண்ணுவோர் அவ்வறிவுரையை மனத்தில் கொள்ளட்டும். ஆயின் அது முன்பே நம் வீட்டுக்கு வந்துவிட்ட நாயைப் புறக்கணிக்க இசைவு தருவதாகாது. கொள்வதற்கு முன் ஆராய்க, கொண்டபின் காக்க. விலக்கை நினைவூட்டிக் கடமையினின்று நழுவுவது அறமாகாது.

திருத்தக்கதேவர் இயற்றிய சீவக சிந்தாமணியில் வரும் நாயை நாம் அனைவரும் அறிவோம். அது செய்த குற்றம், பசித்துப் பிறர் உணவில் வாய் வைத்ததே. அதற்காக அடியுண்டு உயிர் பிரியும் வேளையில் சீவகன் அதன் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னாளில் சீவகனுக்கு உற்ற துணையாகவும் நின்றது. மந்திரத்தின் பெருமைக்கு இக்கதையை நாம் எடுத்துரைக்கிறோம், அது தக்கதே. ஆயினும் அடித்தவர்களுக்கும் சீவகனுக்கும் முன்னே கிடந்தது ஒரே நாய்தான். அவர்கள் கண்டது தீண்டப்பட்ட சோற்றை. அவன் கண்டது தேவனாகும் தகுதியுடைய ஓர் உயிரை.

காலையும் மாலையும் தட்டை நிரப்பும் நம் வீட்டுச் சிறுவர்களுக்கு இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவோம். வேளைகள் இரண்டா ஒன்றா என்பதை நாயின் வயதும் உடலும் மருத்துவரின் சொல்லும் தீர்மானிக்கட்டும். அவ்வேளை தவறாதிருப்பதை நம் விரதம் தீர்மானிக்கட்டும். அறம் வளர்க!